கல்யாணக் காரில் பூத்த வெண்மை

புளியங்குடியிலிருந்து என் அண்ணனுக்கு வந்த அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. தபால் முத்திரையில் ஆகஸ்ட் என்ற மாதம் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஆண்டின் மேல் மை படர்ந்துவிட்டது. அட்டையில் அச்சான விலை நயா பைசாவில் இருப்பதால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது என்று சொல்லிவிடலாம். அண்ணனின் மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. அவள் பிறந்தது 1959 சித்திரையில். ஆகவே அட்டை 1959 ஆகஸ்டில், ஆடி முடியும் முன் எழுதப்பட்டது என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

எழுதியவர் எலுமிச்சை கமிஷன் கடைக்காரர், பெண்ணின் தகப்பனார். வாசகம் இவ்வளவுதான்:

“க்ஷேமம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தங்கள் காரைத்தான் நிச்சயித்திருக்கிறோம். காரில் வெள்ளை பூத்திருப்பதாகக் குற்றாலத்துக்குக் குளிக்க வந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லுகிறார்கள். பெண் ஏறும் வண்டியில் வெண்மை ஆகாது. சரியாகாதென்றால் இப்போதே தெரிவிக்கவும். வேறு பார்த்துக்கொள்கிறோம்.”

மரியாதையான கடிதம்தான். ஆனால் இதைப் படித்த பிறகுதான் என் அண்ணன் மூடிய கொட்டகைக்குள் நெருப்பைக் கொண்டுபோனார்.

அண்ணன் மதுரையில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பழகியவர். ஊர் திரும்பி, தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில், மேலகரத்தில் ஓட்டுக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, கார்களுக்கும் லாரிகளுக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். குடியிருப்பு கொட்டகைக்குப் பின்புறம். நான் பத்திரப் பதிவு ஆபீசில் எழுத்தர், கல்யாணம் ஆகவில்லை, அவர்களோடுதான் இருந்தேன். காலையும் சாயங்காலமும், விடுமுறை நாள் முழுவதும் கொட்டகையில் அவருக்குக் கையாளாக நிற்பேன்.

கார் யுத்தத்துக்கு முந்தியது. துணிக் கூரையை மடக்கினால் திறந்த வண்டியாகிவிடும். செங்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வைக்கோலுக்கு அடியில் கிடந்ததை அண்ணன் வாங்கி, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். தரைப் பலகை உளுத்துப்போயிருந்தது. தேக்கில் புதிதாகச் செய்தார். மட்கார்டு நெளிசல்களைத் தட்டி எடுத்தார். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, கடைசியில் அரக்கு நிறம் அடித்தார். இரண்டு பக்கக் கதவிலும் பித்தளைத் தூளைக் குழைத்து அவரே ஒரு கொடி வரைந்தார். தங்கத்தில் வரைந்தது போலத்தான் இருந்தது. ஆனால் பித்தளைத் தூள் காற்றுப் பட்டால் கறுத்துவிடும். அதன்மேல் நிறமில்லாத லாக்கரைக் கண்ணாடி மாதிரி அடித்து மூடினால்தான் நிற்கும். அந்தக் கடைசிப் பூச்சு மட்டுமே பாக்கி.

அதை ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டதுதான் வினை. எங்கள் பக்கம் ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணத்துக்கு ஓடும் கார், சாரட்டு, பந்தல் சாமான் எல்லாம் அந்த மாதம் சும்மா கிடக்கும். எனவே மராமத்து, வண்ணம், தையல் என்று எல்லாவற்றையும் ஆடிக்குத் தள்ளி வைப்பது வழக்கம். மற்ற ஊர்களில் இதில் தவறில்லை. எங்களுக்கோ ஆடி என்றால் சாரல். மலை மறைந்திருக்கும். நின்று பெய்யாது, நிற்கவும் செய்யாது. உப்பு ஜாடியில் உப்பு இளகும். பதிவுப் புத்தகத்தில் நான் எழுதுகிற மை, ஒற்றுத்தாளால் ஒற்றிய பிறகும் கையில் ஒட்டும். அந்த மாதத்தில்தான் ஊரில் இருந்த அத்தனை கல்யாண வண்டிகளுக்கும் வண்ணம் அடித்தார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முதல் தடவை லாக்கர் அடித்தபோது வந்தது வெண்மை இல்லை, குழிகள். அண்ணன் பெயிண்ட் பீச்சும் கன்னைக் கையில் பிடித்து, கதவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் கொண்டுபோனார். ஈரம் மினுங்கி நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் அந்த மினுக்கத்தில் ஆங்காங்கே லாக்கர் விலகி, மீன் கண் போல வட்டம் வட்டமாகத் திறந்துகொண்டது. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் வெறும் அரக்கு நிறம் தெரிந்தது.

காற்றடிக்கிற கம்ப்ரசர் டயர் கடை பாயுடையது. அதை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கவும் வந்துவிடுவார். அவரும் அண்ணனும் ஒரே வயது.

“என்ன வே மேஸ்திரி, காருக்கு அம்மை போட்டிருக்கு?” என்றார் பாய். “வேப்பிலை கட்டும். மூணு தண்ணி ஊத்தித்தான் வெளிய எடுக்கணும்.”

“ஒம்ம கம்ப்ரசர்ல தண்ணி நிக்கி வே. அதான் இப்படி வருது.”

“எங்கன நிக்கி? காலைல நான் தொறந்து வடிச்சிட்டுத்தான் குடுத்தேன். ஒம்ம சீக்கை என் மெஷின் மேல போடாதீரும்.”

அண்ணன் வாதாடவில்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் கழுவி, அதே லாக்கரை அதே காற்றில் அதன்மேல் அடித்தார். கண்ணாடியில் ஒரு குழிகூட இல்லை. ஆகவே குற்றம் காற்றிலும் இல்லை, லாக்கரிலும் இல்லை, காரின் மேல்தான் ஏதோ இருக்கிறது என்று ஆயிற்று. குழி விழுந்ததைச் சுரண்டி எடுத்து, தின்னர் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். துடைத்த இடத்தில்தான் குழிகள் அதிகம் வந்தன.

கண்டுபிடித்தது மதினி. துடைக்கிற துணிகளை எடுத்துப் போட்டவரும் அவர்தான்: அண்ணனின் பழைய துண்டுகள், வெளுத்து வெள்ளை வெளேரென்று இருந்தவை. ஒன்றை வாங்கி வெந்நீரில் முக்கினார். முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார்.

“மோந்து பாருங்க.”

நல்லெண்ணெய் வாசனை. அந்தத் துண்டுகள் எல்லாம் அண்ணன் சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு போனவை.

“வெளுப்புக்குப் போட்டா துணிதான் வெள்ளையாவும். ஒங்க எண்ணெய் எங்கன போவும்? ஊறிப்போய்க் கெடக்கு,” என்றார் மதினி. “சீசனுக்கு வாரவன் பூராம் தேய்க்கிற எண்ணெயைவிட நீங்க ஒருத்தர் தேய்க்கிறது சாஸ்தி.”

சிரித்தோம். அந்த மாதத்தில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன். அண்ணன் புது மல் துணி ஒரு பீஸ் வாங்கிவந்தார். காரைச் சவுக்காரத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, புதுத்துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தார். அடித்தபோது ஒரு குழியும் வரவில்லை. கதவு தெப்பக்குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்கு அடியில் கொடி தெரிந்தது.

சற்று நேரத்தில் கொடி மங்கியது. கண்ணில் பூ விழுவதைப் போல ஒரு பால் நிறம் கதவின் கீழ் ஓரத்திலிருந்து மேலே ஏறியது. அண்ணன் கையால் விசிறினார். என்னையும் விசிறச் சொன்னார். நான் ஆபீஸ் பேப்பர் கட்டை எடுத்து விசிறினேன். விசிற விசிற வெண்மை கூடியது. கடைசியில் கார் முழுவதும், மழைக்காலத்து மலை மாதிரி, உருவம் மட்டும் தெரிந்து நிறம் தெரியாமல் நின்றது.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்துபோகும். ஈரக்காற்று அந்தக் குளிர்ச்சியில் வியர்த்து, காயாத லாக்கருக்குள் சிக்கிக்கொள்ளும். விசிறினால் இன்னும் குளிரும். இதை நான் பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். அண்ணனுக்கு அப்போதே தெரியும். “ஈரம் குடிச்சிருச்சி” என்று மட்டும் சொன்னார். வெறும் தின்னரை மெல்லிய புகையாக அதன்மேல் அடித்தால் வெண்மை கரைந்துவிடும் என்றார். அடித்தார். கரைந்தது. கொடி மின்னியது. தின்னர் காயக் காய மறுபடி பூத்தது. மெதுவாகக் காயும் தின்னர் என்று ஒன்று உண்டு. அதற்கு மதுரைக்கு எழுதிக் கேட்டார். இருப்பில்லை என்று பதில் வந்தது. முழுவதையும் வழித்து எடுக்கலாமென்றால் லாக்கரோடு கொடியும் கரைந்துவரும். ஒரு கதவில் கொடியின் நுனி அப்படித்தான் போயிற்று.

ரோட்டில் குளிக்கப் போகிறவர்கள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்கள். “கல்யாணக் காருன்னு சொன்னீரு; திருநீறு பூசி சாமியார் கார் ஆக்கிட்டீரே,” என்றார் பாய். அண்ணன் கன்னைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்தார். பாய் சட்டென்று முகம் மாறி, “வெயில் அடிக்கும் வே, ஒரு நாளாவது அடிக்கும்,” என்றார். அடிக்கவில்லை. அதற்குள் புளியங்குடிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போய், அட்டை வந்தது.

அண்ணன் அட்டையை நின்றபடியே படித்தார். அந்த முகூர்த்தத்துக்குக் கார் போகாவிட்டால் அப்புறம் எந்த முகூர்த்தத்துக்கும் போகாது, அவருக்கு அது தெரியும். வெண்மை பூத்த வண்டி என்று ஒரு பேச்சு எழுந்துவிட்டால், பிறகு அதைக் கறுப்பாக அடித்தாலும் பெண் வீட்டார் அதில் பெண்ணை ஏற்றமாட்டார்கள்.

வீட்டுக்குள் மதினி பிள்ளைத் துணி காயவைத்துக்கொண்டிருந்தார். சாரல் காலத்தில் எங்கள் பக்கத்தில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் எல்லாம் நடப்பதுதான். மண்சட்டியில் கரிக்கங்கு போட்டு, கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் துணியைப் பரத்தி வைப்பார்கள். கணப்புச் சட்டி என்று பெயர். எங்கள் வீட்டில் ஒரு பெரிய சட்டியும் ஒரு சின்னச் சட்டியும் இருந்தன. அண்ணன் கூடைமேல் இருந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்று காய்ந்திருந்தது. அவர் அப்படியே நின்றதைப் பார்த்தபோது, அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 

“அண்ணே, வேண்டாம்.”

“நான் ஒண்ணுஞ் சொல்லலையேலே.”

“கொட்டகையைச் சூடாக்கலாம்னு நெனைக்கிறீய. வேண்டாம். அது தின்னர். லாக்கரும் அந்தச் சாதிதான்.”

நூலகத்தில் எடுத்த ஒரு ரசாயனப் புத்தகத்தில் அதற்கு முந்தின வருஷமே நான் படித்திருந்தேன். இந்த லாக்கரும் சினிமாப் படச்சுருளும் ஒரே மூலப்பொருளில் பிறந்தவை. அதையே சற்று வேறு மாதிரி செய்தால் பீரங்கிக்கு மருந்து. இதை அண்ணனிடம் சொன்னதும் உண்டு. அவருக்குப் புத்தகமே தேவையில்லை. சிறு வயதில் நாங்கள் இருவரும் ஒரு டூரிங் கொட்டகையில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுருள் பற்றிக்கொண்டது. திரையில் இருந்த ஆள் நடுவில் பழுத்து, ஓட்டையாகி, வெள்ளையானான். திரும்பிப் பார்த்தால் மெஷின் அறை ஜன்னலில் நெருப்பு. உள்ளிருந்து ஓடிவந்தவரின் சட்டை முதுகில் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கீற்றைப் பிய்த்து வெளியே வந்தார். அதை இருவரும் மறக்கவில்லை. பல வருஷம் கழித்தும் தின்னர் டின்னைத் திறந்தால் எனக்கு அந்த வெள்ளைத் திரைதான் நினைவுக்கு வரும்.

“எரியிற கொட்டகையிலேந்து ஒன்னைத் தூக்கிட்டு வந்தவன் நான். எனக்குத் தெரியாதாலே?” என்றார். “முதல்ல சட்டியை வைப்போம். செவரு, தரை, தகடு எல்லாம் சூடேறட்டும். நெருப்பு பூராத்தையும் வெளிய எடுத்துருவோம். அப்புறந்தான் டின்னையே தொறப்பேன். போதுமா?”

சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பயம் ஒரு காரணமாக எங்கள் வீட்டில் செல்லுபடி ஆனதில்லை.

மறுநாள் ஞாயிறு. அருவியில் தண்ணீர் வரத்து அதிகம், ரோட்டில் கூட்டம். அண்ணன் கொட்டகைக் கதவுகளைச் சாத்தி, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்துகளில் சாக்கைச் செருகி, இரண்டு சட்டிகளையும் உள்ளே வைத்தார். கம்ப்ரசரும் அதன் மோட்டாரும் வெளியே தாழ்வாரத்தில். ரப்பர்க் குழாய் மட்டும் கதவின் அடிச்சந்து வழியாக உள்ளே போகும். மோட்டார் சுவிட்சில் பொறி பறக்கும் என்று நான் வற்புறுத்தி அப்படி வைத்திருந்தோம்.

கொட்டகை சூடாயிற்று. உள்ளே போய் கார்க் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஜுரக்காரனின் நெற்றி போல இருந்தது. முதல் முறையாக, இது பலித்துவிடும் போலிருக்கிறது என்று பட்டது. அண்ணன் ஒரு சட்டியை வெளியே கொண்டுவந்து தாழ்வாரத்தில் வைத்தார். “அடுத்ததையும் எடுத்துருதேன். நீ போயி பெல்ட்டைப் பாரு, வழுக்குது,” என்றார். நான் கம்ப்ரசரிடம் போய்விட்டேன். பெல்ட்டைச் சரிசெய்து, மோட்டாரைப் போட்டேன். பாய் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கன் சீறும் சத்தம் கேட்டது. வழக்கமான வாசனை, பழுத்த வாழைப்பழ வாசனை மாதிரி, கதவுச் சந்தில் கசிந்தது.

அப்போது மதினி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து வந்தார். ஈரத்துணி நிறையச் சேர்ந்துவிட்டது, கன் சத்தம் கேட்டதால் நெருப்பு வெளியே வந்திருக்கும், சட்டியைத் திரும்ப வாங்கிப் போகலாம் என்று. தாழ்வாரத்தைப் பார்த்தார்.

“பெரிய சட்டி எங்க, தம்பி?”

அங்கே இருந்தது சின்னச் சட்டி மட்டும்.

“அண்ணன் எடுத்துப் பின்னால வச்சிருப்பாரு.”

“பின்னால இருந்துதான நான் வாரேன். அங்கன இல்ல.” அவர் குரல் இறங்கிப் போயிற்று. “நான் இப்பத்தான் பின்வாசல் வழியா அதுல புதுக் கங்கு அள்ளிப் போட்டுட்டு வந்தேன். வண்டிக்கு அடியில, பின்சக்கரத்துக்கிட்ட இருந்துச்சி. ‘இன்னும் கொஞ்சம் போடு’ன்னு அவுகதான் சொன்னாக.”

கன் சீறிக்கொண்டே இருந்தது.

நான் கதவைத் தட்டினேன். மோட்டார் சத்தமும் கன் சீறலும் சேர்ந்து உள்ளே கேட்டிருக்காது. உள்ளே தாழ் போட்டிருந்தது. தூசி வரக்கூடாது என்று எப்போதும் போடுவார். “அண்ணே, அண்ணே” என்று கத்தினேன். கன் நிற்கவில்லை. சுவிட்சை நோக்கி ஓடினேன். மதினி என் கையைப் பிடித்து இழுத்தார்.

“தொடாதிங்க! நீங்கதான பொறி பறக்கும்னு சொன்னீய!”

வாசனை இப்போது தாழ்வாரம் முழுவதும் இருந்தது. சுவிட்சைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். கை வராமல் நின்றேன். அந்தக் கணத்தை நான் எத்தனையோ முறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு நேரம் என்பதை மட்டும் இப்போதும் சொல்ல முடியாது. பாய்தான் குடையைப் போட்டுவிட்டுக் குனிந்தார். ரப்பர்க் குழாயை இரண்டாக மடக்கி, தன் முழங்காலுக்கு அடியில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார். சீறல் இளைத்தது. நின்றது.

உள்ளேயிருந்து அண்ணனின் குரல்: “ஏலே, காத்து எங்கலே?”

பாய் முழங்காலை எடுக்கவில்லை. 

“ஏலே! செத்துட்டியாலே? பாதிக் கதவுல நிக்கேன், காத்தை வுடுலே!”

தாழ் விலகியது. கதவு திறந்தது. மூக்கில் துணி கட்டி, கையில் கன்னோடு, கண் சிவந்து அண்ணன் வாசலில் நின்றார். மதினி பிள்ளையை என் கையில் திணித்தார். குற்றாலம் ரோட்டில் அத்தனை பேர் பார்க்க, புருஷனின் சட்டையை நெஞ்சில் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினார். அண்ணன் செருப்பு கழன்று தாழ்வாரத்திலேயே கிடந்தது. நானும் ஓடினேன். பாயும் ஓடிவந்தார்.

“என்னட்டி, ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?”

“பெரிய சட்டி எங்க?”

அண்ணன் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார்.  அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

எதிர்ப்புறப் புளியமரத்தடியில் நின்று எல்லோரும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மோட்டார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திறந்த கதவு காற்றில் ஆடியது. குளித்துவிட்டு வந்தவர்களில் சிலர் என்னவென்று புரியாமல் எங்களோடு நின்று கொட்டகையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பீடியை எடுத்தார். பாய் அதை அவர் வாயிலிருந்தே பிடுங்கி எறிந்தார். என் கையில் பிள்ளை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்து விளையாடியது. 

செங்கோட்டைக் கணவாய்க் காற்று கொட்டகைக்குள் புகுந்து புறப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வாசனை குறைந்தது. அண்ணன் ரோட்டைத் தாண்டப் போனார். மதினி சட்டையை விடவில்லை. வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் விட்டார். மேலும் சற்று நேரம் கழித்து அண்ணன் உள்ளே போய், காருக்கு அடியில் குனிந்து, பெரிய சட்டியை இரண்டு கையாலும் எடுத்துவந்து ரோட்டோரத்தில் வைத்தார்.

சாம்பல் ஈரமாக இருந்தது. மேலெல்லாம் கறுத்து, சொட்டு விழுந்த குழிகள். அண்ணாந்து பார்த்தோம். பின்பக்கம் ஒரு ஓடு விலகியிருந்தது. அங்கிருந்து சாரல் கைமரம் வழியாக இறங்கி, மட்கார்டின் மேல் சொட்டி, அங்கிருந்து சரியாகச் சட்டி இருந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“பாத்தியா? செத்த சாம்பல்,” என்றார் அண்ணன். குரல் அவருடையதாக இல்லை. “சின்னச் சட்டியை வெளிய எடுக்கையிலேயே இதைப் பாத்திருப்பேன். அணைஞ்சிருச்சின்னுதான் அப்படியே வுட்டிருப்பேன்.”

“இருப்பேன், இருப்பேன்னு சொல்லாதீங்க. பாத்தீங்களா?”

 மதினி ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினார். அடியில் ஒரு கரித்துண்டு. “நெஞ்சுல சூடு இருக்கு,” என்றார். நான் சட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது. மண்சட்டி அணைந்த பிறகும் நெடுநேரம் அப்படித்தான் இருக்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அன்று அடித்த அரைக் கதவும் வெளுத்திருந்தது.

 அடுத்த இரண்டு நாள் அண்ணன் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு காலையில் மதினிதான் கேட்டார்: “ஆலங்குளத்துல சாரல் விழுமா?”

விழாது. அப்போது பிளந்து நின்ற தென்காசிக் கோயில் கோபுரத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போக சாரல் மெலிந்து, ஆலங்குளத்தில் காய்ந்த காற்று மட்டும்தான் இருக்கும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த ரோட்டில் எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறோம். கார் ஓடக்கூடியதுதான்; ஆனால் பெயிண்டு என்றால் அது கொட்டகையில்தான் ஆகவேண்டும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். வெண்மை பூத்த வண்டியை ஊரார் பார்க்கத் திருநெல்வேலி ரோட்டில் ஓட்டிப் போவதற்குக் கூச்சமும் இருந்தது. மதினி அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அண்ணன் கூச்சம் பார்க்கவில்லை. பின்சீட்டில் கம்ப்ரசரை ஏற்றி, அதைக் கட்டிப்பிடித்தபடி பாய் உட்கார, பட்டப்பகலில் தென்காசிக் கடைவீதி வழியாகவே போனோம்.

ஆலங்குளத்தில் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவரின் காலியான வெங்காயக் கிட்டங்கியில் நிறுத்தினோம். அங்கே வேறு தொல்லை. ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்தது. தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ஜன்னல்களில் நனைத்த சாக்குக் கட்டி, காற்று தணிந்த விடியற்காலையில் தின்னரை மட்டும் மெல்லிய புகையாக அடித்தார் அண்ணன். வெண்மை கரைந்தது. நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ந்தது. பூக்கவில்லை. பிறகு லாக்கர். காற்று அதிகம் காய்ந்திருந்ததால் அது பரவுவதற்குள் இறுகி, எலுமிச்சைத் தோல் மாதிரி சொரசொரத்தது. புளியங்குடிக்காரருக்குப் பொருத்தம்தான் என்றார் பாய். அதைத் தண்ணீர் விட்டு நைஸ் தாளால் தேய்த்து, மெருகுக் களிம்பு போட்டுத் துடைத்தோம். வெயிலில் வெளியே தள்ளியபோது கொடி முழுக்கத் தெரிந்தது, போன நுனியைத் தவிர.

நெருப்பு என்ற பேச்சையே அந்தக் கிட்டங்கியில் யாரும் எடுக்கவில்லை. டீ குடிக்கக்கூட ரோட்டைத் தாண்டித்தான் போனோம். தன் பீடிக்கட்டைப் பாய் தென்காசியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கார் புளியங்குடி போயிற்று. அண்ணனே ஓட்டினார். பெண்ணின் தகப்பனார் கதவில் குனிந்து தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார் என்று வந்து சொன்னார். அந்தக் கார் பிறகு 1967 வரை கல்யாணங்களுக்கு ஓடியது. அதற்கு அப்புறமும் அண்ணன் ஆடி மாதத்தில் வண்ணம் அடித்தார், ஆனால் கிழக்கே போய்.

பெரிய சட்டியை மதினி பிள்ளைத் துணிக்குத் திரும்ப உபயோகிக்கவில்லை. உடைக்கவும் இல்லை. கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

இதை எழுதுவதற்கு முன் மூவரையும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொண்டேன். சட்டி உள்ளே இருந்ததைத் தான் மறந்தே போனதாகவும், ஆனால் கன்னை எடுத்தபோது சட்டி அணைந்துதான் இருந்திருக்கும் என்றும் அண்ணன் சொல்கிறார். தான் கங்கு போட்டுவிட்டு வந்து அதிக நேரம் ஆகவில்லை, சொட்டுத் தண்ணீர் அதற்குள் அணைத்திருக்க முடியாது என்கிறார் மதினி. எல்லோரும் ரோட்டுக்கு ஓடிய பிறகு சாரல் வலுத்ததாகப் பாய் சொன்னார். எனக்கு அப்படி நினைவில்லை. அண்ணன் லாக்கர் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சட்டியில் உயிருள்ள கங்கு இருந்ததா, இல்லையா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.